இருக்கைக்குப் பின்னால் ஓர் எண்

பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்ட ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் இருப்பார். கல்யாண வீடுகளில் அவரைச் சொல்லிச் சிரிப்பதும் வழக்கம். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், டெக்சாஸில் என் தம்பி வீட்டு வாசலில் நின்று ஒரு பழைய பிக்கப் டிரக்கின் பின்னிருக்கையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அந்த மனிதர் அறியாமல் செய்ததை ஒரு பெரிய தொழிற்சாலையே திட்டமிட்டுச் செய்திருக்கிறதே என்று எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. வேலை முடிந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது, அந்த நியாயத்தை நாம் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவருகிறோம் என்று தோன்றியது. அதை எழுதிப் பார்க்கவே இக்கட்டுரை. இலக்கியம் பேசும் இடத்தில் ஸ்பானருக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும்; யாப்பும் இடையில் வரும்.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு நிறுவனம் 1980ஆம் ஆண்டு மாடல்களில், தண்டர்பேர்ட், லிங்கன் போன்ற கார்களில், ஒரு புதுமையை அறிமுகப்படுத்தியது. ஓட்டுநர் கதவின் வெளிப்புறத்தில் ஐந்து பொத்தான்கள் கொண்ட சிறிய எண்பலகை ஒன்றைப் பொருத்தியது. ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும், சாவி வேண்டியதில்லை. பிறகு இந்த வசதி அந்நிறுவனத்தின் வேன்களுக்கும் பிக்கப் டிரக்குகளுக்கும் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வடிவம் மாறி மாறி இருந்துவருகிறது. பிற்கால மாடல்களில் பொத்தான்கள் மறைந்து, தொட்டால் ஒளிரும் எண்கள் வந்துவிட்டன.

சாவி இல்லாமல் கதவைத் திறக்கவேண்டிய தேவை யாருக்கு என்று நான் தம்பியைக் கேட்டேன். அவன் சொன்ன பதில் அந்நாட்டின் வாழ்க்கையோடு சேர்ந்தது. ஆற்றில் இறங்கி மீன் பிடிப்பவர், அலைமேல் பலகை ஓட்டுபவர், விடியற்காலையில் நெடுந்தூரம் ஓடுபவர், காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறவர் ஆகியோரெல்லாம் சாவியை எங்கே வைப்பது? தண்ணீரில் விழுந்தால் போயிற்று. காட்டில் தவறவிட்டால் அடுத்த ஊர் எழுபது மைல். சாவியை வண்டிக்குள்ளேயே விட்டுப் பூட்டிவிட்டு, ஐந்து எண்களை நினைவில் சுமந்துகொண்டு போய்விடலாம். ஆக, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுவது அங்கே மறதியல்ல, முறை.

இந்த ஏற்பாட்டில் எண்கள் இரு வகை. ஒன்று தொழிற்சாலை எண். வண்டி பிறக்கும்போதே அதற்கு இடப்படுவது, அழிக்க முடியாதது. மற்றொன்று உரிமையாளர் தானே அமைத்துக்கொள்ளும் எண். தொழிற்சாலை எண்ணை அழுத்தி, ஐந்து விநாடிக்குள் 1-2 பொத்தானைத் தொட்டு, தான் விரும்பும் ஐந்து எண்களை அழுத்தினால் புதிய எண் பதிவாகிவிடும். பிறந்த நாளோ, பழைய வீட்டின் கதவிலக்கமோ, எதுவானாலும் சரி. ஆனால் முதல் எண் தெரியாமல் இரண்டாம் எண்ணை உண்டாக்க வழியில்லை. மூலம் தெரியாதவன் உரை எழுத முடியாது என்பது போல.

என் தம்பி வாங்கிய வண்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் பழைய எஃப்-150. இரண்டு மூன்று கைகள் மாறி வந்தது. விற்றவர் ஒரே ஒரு சாவியைக் கொடுத்தார். தொழிற்சாலை எண் அச்சிட்ட சிறிய அட்டை ஒன்று புதிய வண்டியோடு வரும். கையேட்டோடு முன்பெட்டியில் கிடக்கும். இருபது ஆண்டுகளில் அது எந்தக் குப்பைக்குப் போயிற்றோ. ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு தம்பி நாள்தோறும் பயந்துகொண்டிருந்தான். எண் தெரிந்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஊரில் இருந்த ஒரு டீலரிடம் தொலைபேசியில் கேட்டான். பதிவுச் சான்றும் அடையாள அட்டையும் கொண்டுவரவேண்டும், கணினியை இணைத்து எண்ணைப் படித்துச் சொல்வார்கள், அதற்கு ஒரு மணி நேரக் கூலி என்றார்கள். தவறில்லை, அவர்கள் தொழில் அது. ஆனால் பக்கத்து வீட்டு முதியவர், பணி ஓய்வு பெற்ற மெக்கானிக், வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: அந்த எண் வண்டிக்குள்ளேயே எழுதியிருக்கிறது, பின்னிருக்கையைக் கழற்று.

விஷயம் இதுதான். பூட்டை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் ஓர் ஒட்டுச்சீட்டு இருக்கும். அதில் அந்த ஐந்து எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். சில கார்களில் அந்தச் சீட்டு டிக்கியின் மூடியில் இருப்பதுண்டு. பெட்டி சில வண்டிகளில் முன்பலகைக்கு அடியில் இருக்கும். சில பிக்கப் டிரக்குகளில் பின்னிருக்கைக்குப் பின்னால், கேபினின் பின்சுவரை ஒட்டி. தம்பியுடையது அந்த வகை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினோம். நான் வகுப்பறையில் சுண்ணக்கட்டியைத் தவிர வேறு கருவியைப் பிடித்துப் பழகாதவன். ஆகவே என் பங்கு பெரும்பாலும் டார்ச் பிடிப்பதுதான். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொன்னார் முதியவர். இருக்கையின் அடிப்பாகத்தைத் தூக்கினோம். தரையோடு இருக்கையைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் தெளித்து அரை மணி நேரம் காத்திருந்தோம். இருக்கைப் பட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலை நட்சத்திர வடிவிலானது. அதற்கென்று தனி முனை வேண்டும். முதியவர் தம் வீட்டிலிருந்து நீண்ட கைப்பிடி கொண்ட சாக்கெட் ஸ்பானரும் அந்த முனையும் கொண்டுவந்தார். “பட்டி போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது முழு பலத்தோடு பூட்டவேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது” என்று தம்பியிடம் இரண்டு முறை சொன்னார்.

பின்னிருக்கைக்கு அடியில் ஒரு குடும்பத்தின் சரித்திரம் கிடந்தது. நாணயங்கள், குழந்தையின் தலைமயிர் ஊசி, காய்ந்து கல்லாகிப்போன ஓர் உருளைக்கிழங்கு வறுவல், எழுத்து மங்கிய பெட்ரோல் ரசீது. தம்பியின் மகள், பத்து வயது, அருகில் நின்று எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் சேகரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் திடீரென்று கேட்டாள்.

“பெரியப்பா, சாவி இல்லாம கதவைத் திறக்கத்தானே இந்த நம்பர்?”

“ஆமாம்மா.”

“அப்போ நம்பரைப் பார்க்க ஏன் சாவி போட்டுக் கதவைத் திறந்தீங்க?”

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி போல்ட்டைப் பார்த்தான். பதில் சொல்ல அப்போது வரவில்லை.

இருக்கையை நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே இறக்கிப் புல்லில் வைத்தோம். வெளிவாசலில் தனியாகக் கிடக்கும் இருக்கை சற்றே பரிதாபமாக இருந்தது. பின்சுவரை மூடியிருந்த தடித்த கம்பளத்தை விலக்கியதும், ஒயர்கள் கொத்தாகச் சொருகப்பட்ட ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டி தெரிந்தது. அதன் முகத்தில் சீட்டு. ஆனால் தலைகீழாக, பாதி மறைந்து. தம்பி கைப்பேசியை உள்ளே நீட்டிப் படமெடுத்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பாக எண், வரிசை எண், பட்டைக்கோடு. அவற்றுக்கிடையே தனியாக நின்ற ஐந்து இலக்கங்கள். முதல் நான்கு தெளிவு. கடைசி இலக்கத்தின் மேல் ஒரு கீறல். ஐந்து என்றான் தம்பி. ஆறு என்றேன் நான். சுவடி படிக்கும் வகுப்பில் இருபது ஆண்டுகள் எழுத்து மயக்கம் கற்பித்த தைரியத்தில் பேசினேன். முதியவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “எதுவானால் என்ன?” என்றார்.

அவர் சொன்னது சரி. கதவில் உள்ள பொத்தான்கள் ஐந்துதான். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எண்கள்: 1-2, 3-4, 5-6, 7-8, 9-0. ஐந்துக்கும் ஆறுக்கும் ஒரே பொத்தான். நாங்கள் இருவரும் ஒரே பாடத்துக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தோம்.

பேட்டரியை இணைத்துவிட்டு எண்ணை அழுத்தினோம். கதவுக்குள் ‘டக்’ என்று ஓர் ஒலி. அந்தச் சிறுமி கைதட்டினாள்.

*

அவள் கேள்விக்கு அன்றிரவு யோசித்துச் சொன்ன பதிலே இக்கட்டுரையின் கருத்து.

அந்த எண் வண்டிக்குள் இருப்பது மடத்தனமன்று. எண் தேவைப்படுகிறவர் யார்? வண்டிக்கு உரியவர். வண்டிக்கு உரியவரிடம், என்றாவது ஒரு நாள், சாவி இருக்கும், கதவு திறந்திருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும், ஸ்பானர் கொடுக்க ஓர் அண்டை வீட்டுக்காரர் இருப்பார். திருட வந்தவனிடம் இந்த நான்கும் ஒருசேர இரா. கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்துவிட்டவனுக்கு, துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றி, கதவு திறக்கும் எண்ணைத் தேடவேண்டிய அவசியம் என்ன? அவன்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறானே. அந்த எண்ணால் எஞ்சினும் ஓடாது. அதற்குச் சாவிதான் வேண்டும். ஆகவே அந்த ரகசியத்துக்குக் காவலாக வைக்கப்பட்டிருப்பது உழைப்பும் நேரமும். உரியவனுக்கு அது ஒரு காலை நேரத்து வேலை. உரிமையில்லாதவனுக்கு அது பயனற்ற வேலை. யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை; நான் யார் என்று யாருக்கும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பொருளைப் பற்றிய அறிவு பொருளிலேயே, உரியவன் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது.

ஒரு பொருள் என்னுடையது என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. விலை கொடுத்ததற்கான ரசீதும் பெயரெழுதிய பதிவுச் சான்றும் உரிமையின் ஒரு பாதிதான். அதைத் திறந்து பார்க்கவும், அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவும் முடியவேண்டும், அதுவே மறுபாதி.

இனி மறுப்புகள். இரண்டு உண்டு, இரண்டும் வலுவானவை.

முதல் மறுப்பு கணக்கு வழி வருவது. ஐந்து இலக்க எண் என்றால் ஒரு லட்சம் வாய்ப்புகள் என்று நாம் நினைப்போம். ஆனால் பொத்தான்கள் ஐந்தே என்பதால் உண்மையான வாய்ப்புகள் 3125 மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் ஐந்து அழுத்தம் என்றால் 15,625 அழுத்தங்கள். ஆனால் அத்தனையும் வேண்டியதில்லை. எண்பலகை கடைசியாக வந்த ஐந்து அழுத்தங்களை மட்டும் பார்க்குமானால், ஒரு முயற்சியின் வால் அடுத்த முயற்சியின் தலையாகிவிடும். அப்படிக் கோத்தால் 3129 அழுத்தங்களில் எல்லா எண்களையும் தொட்டுவிடலாம். இத்தகைய கோவைக்கு டி புருயின் வரிசை என்று பெயர். டச்சுக் கணிதவியலாளர் டி புருயின் 1946இல் அதைப் பற்றி எழுதினார்.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதன்று. வடமொழி யாப்பில் குருவும் லகுவும் மும்மூன்றாகக் கூடி எட்டுக் கணங்கள் உண்டாகும். அவற்றை நினைவில் வைக்கப் பத்து அசைகளாலான ஒரு சூத்திரச் சொல்லை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எந்த அசையில் தொடங்கி மூன்று எண்ணினாலும் ஒரு கணம் கிடைக்கும், எட்டும் கிடைத்துவிடும். கணிதவியலாளர்கள் இன்று இதையும் அதே வரிசையின் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். தமிழில் நாமே செய்து பார்க்கலாம். ஈரசைச்சீர் நான்கு: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். தனித்தனியே சொன்னால் எட்டு அசைகள். ஆனால் ‘நேர் நேர் நிரை நிரை நேர்’ என்று ஐந்தே அசைகளை வரிசையாக வைத்து, அடுத்தடுத்த இரண்டை எடுத்துப் பாருங்கள். நேர்நேர் தேமா, நேர்நிரை கூவிளம், நிரைநிரை கருவிளம், நிரைநேர் புளிமா. நான்கும் வந்துவிட்டன. கதவின் எண்பலகையும் இதே கணக்குக்கு உட்பட்டதுதான். நீளம் மட்டும் அதிகம்.

ஆக, பொறுமையுள்ள ஒருவன் வண்டி அருகில் நின்று 3129 முறை அழுத்தினால் கதவு திறக்கலாம். பிற்கால மாடல்களில் இதற்கும் ஒரு தடை வைத்தார்கள். ஏழு முறை தவறான எண்ணை, அதாவது 35 அழுத்தங்களை, இட்டால் எண்பலகை ஒரு நிமிடம் முடங்கிவிடும். ஒரு நிமிடம் சிறிதுதான். ஆனால் 3129 அழுத்தங்களுக்கிடையே 89 முறை அப்படிக் காத்திருக்கவேண்டும். நடு வீதியில் அவ்வளவு நேரம் நிற்பவனை அண்டை வீட்டார் பார்க்காமல் இருந்தால், அந்த வீதியின் பிரச்சினை பூட்டு அல்ல. கண்ணாடியாலான ஒரு கூண்டின் கதவுக்கு எவ்வளவு காவல் வேண்டுமோ அவ்வளவு காவல் அந்தப் பூட்டில் இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கடினமானது. தொழிற்சாலை எண்ணை அழிக்க முடியாது என்றேன். அப்படியானால் வண்டியை விற்றவருக்கும், அவருக்கு முன்னால் விற்றவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கக்கூடும். அவர்கள் எவரும் இன்றும் என் தம்பியின் வண்டியைத் திறக்கலாம். எண்ணை மாற்றவேண்டுமானால் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றவேண்டும். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இது உண்மையான குறை. ஆனால் பழைய வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் இந்தக் குறையோடுதான் குடிபுகுகிறார்கள். முன்பு இருந்தவரிடம் ஒரு மாற்றுச் சாவி இருக்கலாம் என்பது தெரிந்தே இருக்கும். வேண்டுமானால் பூட்டை மாற்றுவோம், இல்லையேல் நம்புவோம். முடிவு நம்முடையது. முன்னாள் உரிமையாளரை நம்பவேண்டியிருப்பதும், எப்போதும் ஒரு நிறுவனத்தை நம்பியே இருக்கவேண்டியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதற்கு ஸ்பானரால் தீர்வு உண்டு.

*

அந்த இரண்டாவது நிலையைத்தான் இப்போது பார்க்கவேண்டும்.

இன்று வரும் கார்கள் கைப்பேசிச் செயலியால் திறக்கின்றன. கட்டளை கைப்பேசியிலிருந்து கிளம்பி, நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து அலைபேசிக் கோபுரம் வழியாக, மூன்றடி தொலைவில் நிற்கும் காருக்கு வந்து சேர்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இடையில் உள்ள கண்ணிகளில் ஒன்று அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022இல் ஒரு பாடம் நடந்தது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் அவ்வாண்டில் மூன்றாம் தலைமுறை அலைவரிசையை நிறுத்தின. அதைச் சார்ந்திருந்த பல கார்களில் தொலைவிலிருந்து திறப்பது, விபத்தின்போது தானாகவே உதவி கோருவது போன்ற வசதிகள் நின்றுபோயின. கார்கள் பழுதாகவில்லை; எந்தக் கம்பியும் தேயவில்லை. எங்கோ இருந்த ஒன்று நிறுத்தப்பட்டது, அவ்வளவே. என் தம்பியின் வண்டியில் ஒட்டியிருந்த சீட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தூசியில் கிடந்து, ஒரு கீறலோடு, தன் வேலையைச் செய்தது.

இதைவிடக் கூர்மையான கேள்வி உரிமை பற்றியது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று, மென்பொருளுக்கு இடப்பட்ட மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. திரைப்படக் குறுந்தகடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்றே பலரும் நினைத்திருந்த அச்சட்டம், கார்களுக்கும் டிராக்டர்களுக்கும் உள்ளே மென்பொருள் புகுந்தபோது அவற்றுக்கும் பொருந்தலாயிற்று. 2015இல் இது குறித்துப் பதிப்புரிமை அலுவலகம் கருத்துக் கேட்டபோது, டிராக்டர் நிறுவனமான ஜான் டியர் ஒரு பதில் எழுதியது. வாங்குபவருக்கு அந்த மென்பொருளின் உடைமை சேராது. வாகனத்தின் ஆயுட்காலம் வரை அதை இயக்குவதற்கான உள்ளுறை உரிமமே கிடைக்கிறது என்பது அதன் சாரம். விவசாயி லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய டிராக்டரில், அவர் படிக்கக்கூடாத ஒரு பகுதி உண்டு என்று அதற்குப் பொருள். அதே ஆண்டில் அரசு, வாகன உரிமையாளர்கள் தம் வண்டியைப் பழுதுபார்ப்பதற்காக அப்பூட்டைத் திறக்கலாம் என்று விலக்கு அளித்தது. ஆனால் அந்தச் சர்ச்சை ஓயவில்லை. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பழுதுபார்க்கும் வேலையைத் தன் டீலர்களிடமே முடக்கிவைத்திருப்பதாகக் குற்றம் சாட்டி அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

கார்களைப் பொறுத்தவரை மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் இருமுறை வாக்களித்தார்கள். 2012இல் முதல் முறை: டீலர்களுக்குக் கிடைக்கும் பழுதறியும் தகவல்கள் உரிமையாளருக்கும் தனிப்பட்ட மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கவேண்டும் என்று. 2020இல் இரண்டாம் முறை: கார் கம்பியில்லா வழியில் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவலும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று. இரண்டாம் முறை ஏறத்தாழ 75 சதவீதத்தினர் ஆம் என்றனர். கார் நிறுவனங்களின் சங்கம் அம்மாதமே நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. நிறுவனங்கள் சொன்ன காரணம் பாதுகாப்பு. எல்லாருக்கும் திறந்துவிட்டால் தீயவர்களும் உள்ளே வருவார்கள் என்றார்கள். இதை முற்றிலும் பொய் என்று தள்ள மாட்டேன். தொலைவிலிருந்து ஆயிரம் கார்களைத் திறக்கும் வாய்ப்பும், ஒரு காரின் இருக்கையைக் கழற்றினால் மட்டும் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. ஆனால் இந்த ஆபத்தை உண்டாக்கியது யார்? சாவியை வண்டியிலிருந்து எடுத்துத் தொலைவில் கொண்டுபோய் வைத்தவர்கள்தானே. பொருளுக்குள்ளேயே இருந்திருந்தால், ஒரு நேரத்தில் ஒரு கதவைத்தான் திறந்திருக்க முடியும்.

இருக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில், இருக்கையைச் சூடாக்கும் வசதியை மாதச் சந்தாவுக்கு விற்றது. சூடாக்கும் கம்பிகள் இருக்கைக்குள் முன்பே இருந்தன. அவற்றைத் தூங்கவைப்பதும் எழுப்புவதும் மென்பொருளின் வேலை. எதிர்ப்புக் கிளம்பியது, 2023இல் அந்தத் திட்டத்தை நிறுவனம் கைவிட்டது. அங்கே வாங்கியவரின் இருக்கைக்குள் இருந்த ஒன்று அவருக்குச் சொந்தமில்லாமல் இருந்தது. இங்கே இருக்கைக்குப் பின்னால் இருந்த ஒன்று, விற்றவர் கையைவிட்டுப் போனாலும், வாங்கியவருக்காகக் காத்திருந்தது. இரண்டு காலங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு மேல் விளக்கவேண்டியதில்லை.

பழையதெல்லாம் பொற்காலம் என்று பாடுவது என் நோக்கமன்று. அந்தப் பெட்டியும் மின்னணுதான். அந்த எண்ணைப் படித்துச் சொல்லும் கணினியும் டீலரிடம்தான் இருந்தது. ஃபோர்டின் புதிய மாடல்கள் சிலவற்றில், உரிய இரண்டு சாவிகளும் கையில் இருந்தால் வண்டியின் திரையே தொழிற்சாலை எண்ணைக் காட்டிவிடுகிறது. இருக்கையைக் கழற்ற வேண்டாம். இதை வரவேற்கிறேன். சீட்டு திரையாகியிருக்கிறது, ஆனால் எண்ணைச் சொல்வது இன்னும் வண்டிதான். தொழில்நுட்பம் முன்னேறினால் அறிவு நம்மைவிட்டு விலகித்தான் போகவேண்டும் என்ற விதி இல்லை என்பதற்கு இதுவே சான்று. எங்கே வைப்பது என்பது யாரோ எடுக்கும் முடிவு. ஆகவே அதைப் பற்றி நாம் கேள்வி கேட்கலாம், வாங்கும்போதே கேட்கவேண்டும்.

நம் மொழியில் ‘சாவி’ என்பது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் திறவுகோல்: திறப்பதற்கு உதவும் கோல். பூட்டுவதற்கும் அதுவே உதவும் என்றாலும் மொழி அதன் பெயரில் திறப்பதையே வைத்தது. கோல் ஒருவர் கையில் இருப்பது. கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியது. என் கையில் இல்லாத, எப்போது வேண்டுமானாலும் வேறொருவர் நிறுத்திவிடக்கூடிய ஒன்றைத் திறவுகோல் என்று சொல்ல நா எழவில்லை. அதற்குப் பெயர் அனுமதி.

அன்று மாலைக்குள் இருக்கையைத் திரும்பப் பொருத்திவிட்டோம். பட்டி போல்ட்டுகளை முதியவரே வந்து இறுக்கிப் பார்த்தார். இரவு உணவுக்குப் பிறகு தம்பி மகளிடம் என் பதிலைச் சொன்னேன்: “முதல்ல ஒரு தடவை வீட்டுக்காரங்களா உள்ளே போகணும். அதுக்கப்புறம்தான் சாவி இல்லாம போக முடியும். அதனாலதான் நம்பரை உள்ளே வச்சிருக்காங்க.” அவள் சிறிது யோசித்துவிட்டுச் சரி என்று தலையசைத்தாள். பிறகு ஒரு வெள்ளை அட்டையில் அந்த ஐந்து எண்களைப் பெரிதாக எழுதினாள். கடைசி எண்ணின் இடத்தில் ‘5 அல்லது 6’ என்று எழுதி, ‘இரண்டும் சரி’ என்று அடிக்குறிப்பும் இட்டாள். பாடபேதம் காட்டும் பதிப்பு. தம்பி அதை வண்டிக்குள் வைக்கப் போனான். அண்ணா என்ற உரிமையில் தடுத்தேன். சமையலறையில், மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் இப்போது அது இருக்கிறது. அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவருக்கு அதையும் சேர்த்துக் கொடுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அட்டை தொலைந்தாலும் கவலையில்லை. சீட்டைத் திரும்ப மூடுமுன் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் வந்தோம்.